சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி

பென்லி, ஜமைக்கா
12 அக்டோபர் 2003

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கூப்பிட்டபோது "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொன்னேன். மன்னியுங்கள். அவிஸ் பெரியம்மா பக்கத்திலேயே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் எழுதும் கடிதங்களையும் அவர் படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்டுகிறார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. அவர் தூங்கிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். என் பெயரை எழுதித் தபாலாபீசுக்குப் போடுங்கள். மிஸ் ப்ரிஸ்கா எடுத்து வைப்பார். பள்ளி விட்டு வரும்போது வாங்கிக்கொள்வேன்.

விசா மறுப்புக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டீர்கள். நீங்களும் அப்பாவும் இரண்டு வருஷமாவது ஒரே வீட்டில் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். அப்பாவுக்கு விசா இல்லை. தாயும் தகப்பனும் அங்கே இருந்தால்தான் பிள்ளைக்கு உண்டாம், அதனால் எனக்கும் இல்லை.

நேர்காணலுக்கு அப்பா தன் தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கை நீளம் போதவில்லை. வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் மணிக்கட்டில் தெரிந்துகொண்டே இருந்தன. அவர் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். கிங்ஸ்டன் போகும் வழியெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பெரியம்மா எல்லாப் பழியையும் அவர் மேல்தான் போடுகிறார். "ஜன்னல் கிரில்ல ஒட்டுற மனுஷன் நாக்கையும் சேத்து ஒட்டிக்கிட்டாரு போல. ரெண்டு வார்த்த ஒழுங்கா பேச வரல" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா என்னைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டுக்குக் குடி வந்ததிலிருந்து அப்பா உள்ளே வருவதே இல்லை. மாலையில் கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் பேசிவிட்டுப் போகிறார்.

நேர்காணல் அன்றைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

உங்கள் மகள்,
ஜனீவ்


லீட்ஸ், இங்கிலாந்து
29 அக்டோபர் 2003

என் ஜனீவுக்கு,

பதினாலு வயதுப் பெண் பெரியவர்களுக்குத் தெரியாமல் கடிதம் எழுதுவது நல்ல பழக்கம் இல்லை. அதைச் சொல்லிவிட்டேன். இப்போது மற்றதைச் சொல்கிறேன்.

உன் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எந்தப் பக்கம் அலமாரி, எந்தப் பக்கம் கட்டில், யார் காஸ் அடுப்பு வாங்கியது, எல்லாம். அந்த மனுஷனுக்கு இரும்பைத் தவிர எதுவும் மண்டையில் நிற்காது. இங்கே என் வார்டில் வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் "என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவார்" என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது அவர்கள் கேட்டால் நோயாளியின் படுக்கையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

கல்யாணம் செய்துகொண்டால் ஒரே காகிதத்தில் முடியும் என்று நீ கேட்பாய். உன் அப்பாவைக் கட்டிய முதல் பெண் அவரை விட்டு நியூயார்க் போனாள். எங்கே இருக்கிறாள் என்று அவள் தாய்க்கே தெரியாது. விவாகரத்துக்கு அவள் கையெழுத்து வேண்டும். அந்தக் கதை உனக்கு இப்போது வேண்டாம்.

இங்கே ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். உனக்கு மட்டும் வேறு வழி இருக்கிறதாம். நான் ஒருத்தியே உன்னை வளர்த்தேன், உன் தகப்பன் எந்தப் பொறுப்பும் எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டினால் போதும். நீ தனியாக வரலாம். அதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இதோடு இருக்கிறது. அவரிடம் கொடு. அவிஸுக்குத் தெரிய வேண்டாம். உன் அப்பா வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து மாதமாக உன்னைப் பார்க்கவில்லை, ஜனீவ். நான் யோசிப்பதெல்லாம் அது ஒன்றுதான்.

உன்னிடம் என்ன கேட்டார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை என்றால் எழுதியிருக்கவே மாட்டாய்.

அம்மா


பென்லி
16 நவம்பர் 2003

அன்புள்ள அம்மா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அப்பா எதையும் மறக்கவில்லை. அலமாரி, கட்டில், அடுப்பு எல்லாம் சரியாகச் சொன்னாராம். கெடுத்தது நான்தான்.

ஒரு பெண் அதிகாரி என்னைத் தனியாக உட்கார வைத்தார். நல்லவர். பயப்படாதே என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எந்த வகுப்பு, எந்தப் பாடம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் அதே குரலில், "உங்க அப்பா உங்களோடதான் இருக்காரா?" என்றார். "இல்ல மிஸ். அப்பா இங்க தங்குறதில்ல. சாயங்காலம் வருவாரு, சாப்பிடுவாரு, போயிடுவாரு" என்று சொல்லிவிட்டேன்.

நான் யோசிக்கவே இல்லை அம்மா. யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. சபை மூப்பர் வீட்டுக்கு வந்தாலும், யார் வந்து அன்பாகக் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஏழு வயதில் என்னை நிற்க வைத்துப் பழக்கினீர்கள். தப்பில்லாமல் சொன்னால் தேங்காய் மிட்டாய் கொடுப்பீர்கள். நீங்கள் போவதற்கு முன்னால் அப்பாவுக்குத்தான் புதுப் பதில்களைச் சொல்லிக் கொடுத்தீர்கள். என்னிடம் யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். வண்டி நின்ற இடத்தில் இறங்கிப் பொரித்த மீனும் பாமி ரொட்டியும் வாங்கி வந்தார். "சாப்பிடு. நீ என்ன பொய்யா சொன்னே?" என்றார். நான் அழுதேன். "வீட்ல யாருகிட்டயும் சொல்லாத. எம் மேலயே இருக்கட்டும். உங்க பெரியம்மாவுக்கு என்னத் திட்ட ஒரு காரணம் கிடைச்சா நல்லாத் தூங்குவா" என்றார். அன்று முதல் அவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய காகிதத்தைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். 'நான் இந்தக் குழந்தையோடு ஒருபோதும் வாழ்ந்ததில்லை, இவளுடைய படிப்பிலோ உடல்நலத்திலோ அக்கறை காட்டியதில்லை' என்று அதில் இருந்தது.

"இது வக்கீல் எழுதினதா, உங்க அம்மா எழுதினதா?" என்று கேட்டார்.

"வக்கீல்னு நினைக்கிறேன் அப்பா."

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடங்கினார். எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் அவர். காய்ச்சல் வந்தபோது பிளாக் ரிவர் ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

காகிதம் என் புத்தகப் பையில் இருக்கிறது. இதோடு அனுப்பவில்லை. அதை அனுப்பினால் நான் உங்களிடம் வந்துவிடலாம். அனுப்பாவிட்டால் வர முடியாது. அனுப்பிவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. அதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

ஜனீவ்


லீட்ஸ்
7 டிசம்பர் 2003

ஜனீவ்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. பனியில் திரும்பி நடந்து வந்தேன்.

தேங்காய் மிட்டாய் நினைவிருக்கிறது.

உனக்குத் தெரியாத கொஞ்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ வயிற்றில் இருந்தபோது என்னைச் சபையிலிருந்து விலக்கினார்கள். திருவிருந்துத் தட்டு என்னைத் தாண்டிப் போகும்போது அவிஸ் தன் பங்கையும் எடுக்காமல் அனுப்பிவிடுவாள். நீ நடக்கத் தொடங்கிய பிறகு திரும்ப ஞானஸ்நானம் எடுத்தேன். கல்யாணம் ஆகும்வரை உன் அப்பா ஆஸ்பர்னோடு ஒரு கூரையின் கீழ் வாழமாட்டேன் என்று தண்ணீரில் இறங்குமுன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு அந்த வார்த்தைக்கு ஒரு சந்து கண்டுபிடித்தேன். இருட்டில் இருப்பது வாழ்வதாகாது, விடியும்போது இருந்தால்தான் வாழ்வது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி இருப்பார். கிழக்கு வெளுக்குமுன் நான் எழுப்பி அனுப்பிவிடுவேன். மழை கொட்டினாலும் எழுப்புவேன். ஒரு தடவை அவருக்கு ஜுரம். அன்றைக்கும் எழுப்பினேன். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

வக்கீல் அம்மா முதல் நாளே கேட்டாள், "அவர் உங்க வீட்ல இருந்ததைப் பார்த்தவங்க யாரு?" என்று. யாருமில்லை என்றேன். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே அத்தனை பாடும். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துவிடு. அதை எழுதியது வக்கீல் இல்லை. வக்கீல் கேட்டதை நான்தான் வாக்கியமாக்கினேன். அவரிடம் சொல்ல வேண்டுமானால் சொல்.

பாஸ்டர் லிண்டோவுக்கு எழுதிவிட்டேன். பதினைந்து வருஷமாக நான் ஆஸ்பர்னோடு வாழ்ந்தேன், சபைக்கு மறைத்தேன், சபைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், என்ன காரணத்துக்காக எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சபைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். நீ அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள். உன்னைப் பொய் சொல்லச் சொல்வது இதுவே கடைசியாக இருக்கட்டும்.

அம்மா


பென்லி
18 ஜனவரி 2004

அன்புள்ள அம்மா,

வயிற்றுவலி என்றேன். பெரியம்மா கசப்புக் கஷாயம் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. புதுத் தொப்பி போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார்.

நேற்று ஓய்வுநாள் முடிந்து பொழுது சாய்ந்த பிறகு கூட்டம். பாஸ்டர் உங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்தார். யாரும் விசிறிகூட வீசவில்லை. நான் முன்னாலிருந்த பெஞ்சின் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா எழுந்து நின்றார். "இது பொய். எந் தங்கச்சி மெர்லீன் சுத்தமானவ. அந்த ஊர்க் குளிரு அவ தலைக்கு ஏறிடுச்சு. அந்த ஆளு எங்க வீட்டு வாசல்ல விடிஞ்சு நின்னத யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

மூப்பர் ஹெப்பர்ன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. முதல்ல விசா கிடைக்கலன்னு ஊருக்கே தெரியும். விசாவுக்காக ஒருத்தி செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சொன்னா, அதுக்கு நாம முத்திர குத்திக் கொடுக்கணுமா? பாவம்னா அது பாவமா இருக்கணும், பாஸ்டர். சாட்சி வேணும்."

அப்படியே நின்றுவிடும் என்று நினைத்தேன். சாட்சி இல்லை என்று எழுதி அனுப்பினால் எல்லாம் முடிந்தது.

அப்போது ரொட்டி சுடும் சகோதரி வெரோனா மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் அடுப்பு மூட்ட இருட்டோட எந்திரிக்கிறவ. பாக்கணும்னு பாக்கல. ஆஸ்பர்ன் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டுப் போறது எந் தெரு வழியாத்தான்."

"எத்தன தடவ?"

"எத்தன தடவன்னா, மூப்பரே, எத்தன தடவ ரொட்டி சுட்டேன்னு கேக்குற மாதிரி இருக்கு."

பின்வரிசையில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். சகோதரர் கிளைவ் எழுந்தார். "என் நாயிங்க கர்த்தரையே பாத்தாலும் குரைக்கும். இந்த ஆளப் பாத்து மட்டும் குரைக்கிறத வுட்டு வருஷக்கணக்காச்சு."

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள் அம்மா. மழைக்காலத்தில் அப்பா நம் கொடியிலிருந்து உங்கள் குடையை எடுத்துக்கொண்டு போவதை ஒருவர் பார்த்திருக்கிறார். முதல் பஸ் ஓட்டுநரின் மனைவி அவருக்கு ஒருநாள் 'காலை வணக்கம்' சொல்லி, அவர் பதில் சொல்லாமல் வேலிக்குப் பின்னால் குனிந்துகொண்டாராம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரியும் என்று.

மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இத்தன வருஷம் ஏன் யாரும் வாயத் தொறக்கல?"

"யாரும் கேக்கலியே மூப்பரே" என்றார் வெரோனா. "மெர்லீன் எங்க ஊர்ப் புள்ளைங்க பாதிக்குப் பொறக்கும்போது கை கொடுத்தவ. செருப்பு அவ வீட்டு விஷயம்."

அப்பா வெளியே ஜன்னலோரம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூப்பரும் பார்த்துவிட்டார். "நீ என்ன சொல்ற ஆஸ்பர்ன்?"

"நான் சபை ஆள் இல்ல. பேச உரிமை இல்ல" என்றார் அப்பா. பிறகு, "ஆனா அந்தச் செருப்பு என்னுதுதான்" என்றார்.

பாஸ்டர் எழுத்தரைப் பார்த்து, "எல்லாத்தையும் எழுதுங்க. யார் என்ன பார்த்தாங்கன்னு பேரோட எழுதுங்க" என்றார். பிறகு உங்கள் பெயரை நீக்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். ஒவ்வொரு கையாக மேலே போனது. வெரோனா கையைத் தூக்கிவிட்டு முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். பெரியம்மா கை மட்டும் மடியிலேயே இருந்தது. பாஸ்டர் காத்திருந்தார். கடைசியில் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியைக் கட்டினார். "இனி நான் இங்க எதக் காவல் காக்கணும்? வரச் சொல்லு அந்த மனுஷன. பகல்லயே வரட்டும்" என்றார். தன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அப்பா இரண்டு சட்டைகளோடு வந்திருக்கிறார். எந்த அறையில் வைப்பது என்று என்னிடம் கேட்டார்.

ஜனீவ்


லீட்ஸ்
22 பிப்ரவரி 2004

என் ஜனீவுக்கு,

பாஸ்டர் அனுப்பியது வந்து சேர்ந்தது. நான்கு பக்கம். வக்கீல் அம்மா படித்துவிட்டு, "இவ்வளவு நல்ல சாட்சி நான் பார்த்ததே இல்லை, உங்களுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்" என்றாள். நன்றி சொன்னேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

நாயைப் பற்றி வாசித்தபோது மட்டும் சிரித்தேன்.

அவிஸ் கையைத் தூக்கியதற்காக நீ அவளிடம் முகம் திருப்பக் கூடாது. நான் கேட்டதைத்தான் அவள் செய்தாள். அவளுக்கு எழுதினேன். கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

திரும்ப விண்ணப்பித்தாயிற்று. இந்த முறை அப்பாவுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. உனக்கும்தான். கேட்பதற்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

அம்மா


பென்லி
2 மே 2004

அன்புள்ள அம்மா,

நேர்காணல் முடிந்தது. இந்த முறை என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து, கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்து நினைத்து வயிறு நிஜமாகவே வலித்தது.

அப்பாவிடம், "உங்கள் துணைவி காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்?" என்று கேட்டார்களாம். "தெரியாதுங்க. அவ எழுந்து என்ன எழுப்புவா, நான் போயிடுவேன். அதுக்கப்புறம் அவ என்ன செய்வாள்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு நெடுநேரம் எழுதினாராம். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அப்பா வழிநெடுக, "வேற ஏதாவது சொல்லியிருக்கலாமோ" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இந்த முறை மீன் வாங்கியது நான்.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன். அதை எழுதியது நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னேன். "தெரியும். வக்கீலுக்கு எம்மேல அவ்வளவு கோவம் எதுக்கு வரப்போவுது" என்றார்.

பள்ளியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து காட்டுகிறார்கள். "ஏய் ஜனீவ், உங்கப்பா இன்னிக்காவது டீ குடிச்சுட்டுப் போனாரா?" என்கிறார்கள். சபைப் பாடகர் குழுவில் என் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே போகவில்லை.

அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருப்பது முதலில் விருந்தாளியும் விருந்தாளியும் இருப்பது போல இருந்தது. குளியலறைக்கு வெளியே நின்று, "நீ போறியா, நான் போகட்டுமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜனீவ்


லீட்ஸ்
13 ஜூன் 2004

ஜனீவ்,

இன்னும் ஒன்றும் வரவில்லை என்று தெரியும். அதைக் கேட்க எழுதவில்லை.

இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரி யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். பதினைந்து என்றேன். நான்கு பக்கச் சாட்சி இருக்கிறது, பெயர் பெயராக. அப்படியும் சொல்லும்போது நாக்கு தடுமாறியது.

விசா கிடைத்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? நாற்பத்திரண்டு வயதில், ஒரு மனிதர் பகல் வெளிச்சத்தில் என் வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. போகச் சொல்லி எழுப்புவதைத் தவிர அவரிடம் காலையில் நான் எதுவும் பேசியதில்லை. இத்தனை பேர் முன்னால் என் பெயரை அழித்துக்கொண்டு அவரை வரவழைக்கிறேன். வந்த பிறகு இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

தாய் மகளிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஆனால் நீதான் அவரோடு ஐந்து மாதமாக இருக்கிறாய். என்னை விட உனக்குத்தான் தெரியும். காலையில் அவர் எப்படி? எழுது. எழுதிவிட்டு இந்தக் கடிதத்தைத் தீயில் போட்டுவிடு.

அம்மா


பென்லி
11 ஜூலை 2004

அன்புள்ள அம்மா,

வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்டுகள் வந்தன. இரண்டிலும் விசா ஒட்டியிருக்கிறது. அப்பா தன்னுடையதை விரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, விரலில் கரி இருக்கும் என்று தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவிடம் சொல்லப் போனேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. "அங்க குளிருமே, கம்பளிச் சட்டை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்ப் பழைய ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அப்பா எழுந்ததும் இருமுவார். நீண்ட இருமல், பயப்பட வேண்டாம், பட்டறைப் புகை. புதினாத் தேநீர் குடித்து முடிக்கும்வரை யார் பேசினாலும் காதில் விழாது. சோளக்கூழ் அவர் காய்ச்சினால் கட்டி தட்டும், ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வாளித் தண்ணீரையெல்லாம் அவரே தீர்த்துவிடுவார். சவரம் செய்யும்போது சபைப் பாட்டுகளைப் பாடுவார், எல்லாவற்றையும் ஒரே ராகத்தில். விடிந்தும் படுத்திருந்தால் மட்டும் தூக்கிவாரிப் போட்டது போல எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு சுற்றிலும் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பப் படுக்கிறார். இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். அதில் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவரே, கிரில்லுக்கு வர்ணம் அடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க அம்மா காலையில எப்படி? என்கிட்ட அதிகாரி கேட்டாரே, எழுந்ததும் முதல்ல என்ன செய்வா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவரை அனுப்பிவிட்டு நீங்கள் விளக்கு ஏற்றமாட்டீர்கள். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் வளைவு திரும்பி மறைந்து, வேறு யாரும் வெளியே வரவில்லை என்று தெரியும்வரை அசையமாட்டீர்கள். தூங்குவது போலப் படுத்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன்.

அவர் தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டார். "தினமுமா?" என்று கேட்டார்.

"தினமும்."

"நான் போனதும் தூங்கிடுவாள்னு நெனச்சேன்" என்றார். தூரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அங்க போனதும் காலையில ஜன்னல நான் தொறக்குறேன், அவ படுத்திருக்கட்டும்னு எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

ஜனீவ்